இமைக்காத இன்னொருவர்

ஆகஸ்ட் 4, திங்கள்

இது என் எட்டாவது டைரி. முந்தைய ஏழும் பேரிங் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்கு என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தவை. எல்லாவற்றிலும் ஜனவரி முதல் வாரம் மட்டும் என் கையெழுத்து இருக்கும். மற்ற பக்கங்களில் கோலமும் ஜாக்கெட் அளவும் இருக்கும். இந்த முறை ஆகஸ்டில் ஆரம்பித்திருக்கிறேன். ஜனவரியில் ஆரம்பித்ததுதான் அந்த ஏழு டைரிகளும் செய்த தப்பு.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஆத்திரம். இன்று காலை ஒரு பரீட்சையிலிருந்து என்னை வெளியே தள்ளிவிட்டார்கள்.

மெடிக்கல் கோடிங் என்று ஒரு வேலை. டாக்டர்கள் எழுதிய குறிப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். வீட்டிலிருந்தே பார்க்கலாம். எட்டு மாதம் படித்தேன். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது, இந்தப் பரீட்சையில் தேறினால். மூன்று முறை எழுதலாம். மூன்றும் போனால் அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும். எனக்கு முப்பத்தொன்பது வயது. இதற்கு முன் தையல், ஹிந்தி, அழகுக்கலை, காளான் வளர்ப்பு எல்லாவற்றையும் முக்கால்வாசி முடித்திருக்கிறேன். என் அண்ணன் என்னை 'முக்கா' என்றுதான் கூப்பிடுவான். இதையாவது முழுதாக முடித்து அவன் வாயை அடைக்காவிட்டால் என் பெயர் கோகிலவாணி இல்லை.

பரீட்சை வீட்டிலேயே, லேப்டாப்பில். காவலுக்கு ஆள் கிடையாது. திரைக்கு மேலே இருக்கும் கேமரா வழியாக ஒரு மென்பொருள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பத்துக் கேள்விகூடத் தாண்டவில்லை, மஞ்சள் கட்டத்தில் ஒரு எச்சரிக்கை: உங்கள் பார்வை திரையை விட்டு விலகுகிறது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்புறம் சிவப்பு. அப்புறம் பரீட்சையே காணோம்.

நான் எங்கும் பார்க்கவில்லை. முருங்கை மரத்தில் ஓர் அணில் தலைகீழாக இறங்கியதையும், சுவரில் பல்லி ட்யூப்லைட் பக்கம் போவதா வேண்டாமா என்று யோசித்ததையும், காலண்டரில் என் ராசிக்கு 'நிதானம்' என்று போட்டிருந்ததையும் தவிர எதையுமே பார்க்கவில்லை.

மத்தியானம் சாப்பிட வந்த அவரிடம் சொன்னேன். அவர் பெயர் நாச்சிமுத்து. இதே கிணத்துக்கடவில் எங்கள் தெருமுனையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார்.

"போச்சாது உடு அம்மிணி. இன்னும் ரெண்டு வாட்டி இருக்குதல்ல" என்றார்.

"என்னையத் திருட்டுப் பரீச்சை எழுதறவன்னு நெனச்சுப்போட்டானுங்க."

"மிசினுக்கு என்ன தெரியும்" என்றவர் ரசத்தைக் கேட்டார். ரசம் வைக்க மறந்திருந்தேன். மோர் இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பியதும் தானாகவே நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர் மாற்றிய புது மாடல். முன்பெல்லாம் தண்ணீர் தெருவரைக்கும் ஓடும். இப்போது நான் எவ்வளவோ மாறிவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

கண்ணை ஒரே இடத்தில் நிறுத்தப் பயிற்சி. சுவரில் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி, அதையே பார்க்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் கண்ணைப் பார்க்க வேண்டும்.

பார்த்தேன். சிவப்புப் பொட்டு. ஓரத்தில் பசை கொஞ்சம் வெளியே வந்திருந்தது. இந்தப் பொட்டுக் கம்பெனிக்காரன் முன்பு அட்டைக்குப் பதினைந்து வைத்தான், இப்போது பன்னிரண்டுதான் வைக்கிறான். யாரும் கேட்பதில்லை. கேட்டால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் தொண்டையைக் கனைத்தார்.

"என்னங்க?"

"கதவப் பாத்துட்டு இருக்கறே."

"பொட்டத்தானுங்க பாத்துட்டு இருக்கறேன்."

"கதவப் பாத்துட்டுத்தான் பொட்டப் பாக்கறேன்னு சொல்றே" என்றார்.

கோபம் வந்தது. நீங்களே பாருங்கள் என்று அவரை உட்கார வைத்தேன். மனிதர் பொட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார், கோயிலில் தீபாராதனைக்கு நிற்பதுபோல. நான் போய்க் கறிவேப்பிலை பறித்து, பக்கத்து வீட்டில் ஒரு பேச்சுப் பேசி, துணி எடுத்துத் திரும்பி வரும்போதும் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட ஆளுக்கு மறதி மட்டும் எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை. தினமும் காலை பத்தரைக்குக் கடையிலிருந்து திரும்பி வருவார், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று. கண்ணாடி அலமாரியில் இருக்கும். எடுத்துக்கொண்டு, சமையலறையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். தினமும். ஒரு நாளாவது போகும்போதே எடுத்துப்போகட்டுமே.

துணியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பக்கத்து வீடு நங்கையுடையது. நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, ருக்மணி. தோட்டத்தை மகன் பார்த்துக்கொள்வதால், என்னைப் பார்த்துக்கொள்ள அவருக்கு நேரம் நிறைய இருக்கிறது. பரீட்சை விஷயம் காதுக்குப் போய்விட்டது.

"கண்ணுபட்டுப்போச்சு. இந்த வயசுல படிக்கறாளேன்னு எவளோ வயிறெரிஞ்சிருக்கறா" என்றார்.

"மிசின்தானுங்க நங்கையா வெளிய தள்ளுச்சு."

"மிசினுக்குங் கண்ணு இருக்குதல்ல? நீதான சொன்ன, கண்ணுல பாத்துட்டே இருக்கும்னு."

சொல்லிக்கொண்டே உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி ஏறவில்லை என்று இன்னொரு கை மிளகாய் போட்டார். அப்புறம் ஏறியது. நான், நங்கை, அவர் மூவரும் வாசலில் நின்று இருமினோம். இன்று முழுக்க என் கண் எங்கும் ஓடவில்லை, திறக்கவே முடியவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

இரண்டாவது முறை. ஜன்னலுக்குத் துணி கட்டினேன், காலண்டரைக் கழற்றினேன், பல்லியைத் துரத்தினேன். கதவுக்கு உள்தாழ்ப்பாள். நான் ஒருத்திதான் அறையில். கண்ணைத் திரையிலேயே ஆணி அடித்ததுபோல வைத்திருந்தேன். எச்சரிக்கை ஒன்றே ஒன்று வந்தது. பாதிக்கு மேல் முடித்துவிட்டேன், விடை எல்லாம் தெரிந்த விடை. அப்போது சிவப்புக் கட்டம்: அறையில் இன்னொரு நபர் இருக்கிறார்.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. திரும்பிப் பார்த்ததற்கு இன்னொரு கட்டம் வந்தது. அதோடு முடிந்தது.

அவர் வந்தபோது கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பரீட்சை நடத்துபவர்களிடமிருந்து மின்னஞ்சல். 'இரண்டாவது நபர் உங்களுக்குப் பின்னால் நின்று, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்' என்று எழுதி, படமும் இணைத்திருந்தார்கள்.

படத்தில் நான் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறேன். என் வலது தோளுக்கு மேலே பச்சை முகம், முட்டைக் கண், கோரைப்பல், வெளியே நீட்டிய சிவப்பு நாக்கு. புது வீடு கட்டும்போது முன்னால் தொங்கவிடுவார்களே, அந்தக் கண் திருஷ்டிப் படம். எனக்குப் பின்னால் இருந்த சுவரில், ஒரு பழைய ஆணியில்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "அக்கா" என்றார்.

நங்கையேதான். நேற்றுக் காலை நான் பரீட்சைக்கு ஆதார் அட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது விபூதி பூசிவிட வந்தார், அப்போது மாட்டியிருக்கிறார். சொன்னால் பலிக்காது என்று சொல்லவில்லையாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தால் பூதம் என் தலைக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். நான் அசைந்தால் தோளுக்கு மேலே எட்டிப்பார்க்கும். நான் எவ்வளவு அசைகிறேன் என்று பூதத்தைக் கேட்டால் தெரியும்.

எனக்கு எதில் கூடுதல் எரிச்சல் என்று சொல்கிறேன். மென்பொருள் பூதத்தைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. பூதம் ஒரு தடவைகூடக் கண்ணைத் திருப்பவில்லை, இமைக்கவில்லை. பரீட்சை எழுதியது அதுவாக இருந்தால் தேறியிருக்கும்.

நங்கையிடம் போய்க் கத்தினேன். "நல்லதுக்குத்தான அம்மிணி செஞ்சேன்" என்று அழுதார். நானும் அழுதேன். இன்னும் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. இந்தப் படம் மாட்டிய அறையில் நான் பலமுறை குறுக்கே நடந்திருக்கிறேன். அவ்வளவு பெரிய நாக்கு என் கண்ணில் படவில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

நங்கையுடன் பேச்சு இல்லை. காம்பவுண்டுச் சுவர் மேல் அரிசிம்பருப்புச் சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். சாப்பிட்டேன். பேசவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

பரீட்சைக்காரர்களுக்குப் போன் செய்தேன். பூதத்தை விளக்குவதற்கே பாதி நேரம் போயிற்று. அந்தப் பக்கம் இருந்த பையன் சிரிப்பை அடக்குவது கேட்டது. அந்த இரண்டாவது முறையைக் கணக்கிலிருந்து நீக்க முடியாதாம். ஆனால் ஒரு வழி சொன்னான்.

"உங்களுக்குக் கண்ணு தானா நகருதுன்னா, அதுக்கு டாக்டர் லெட்டர் கொடுங்க மேடம். அப்ப மிஷின் வேண்டாம், எங்க ஆள் ஒருத்தர் கேமராவுல உக்காருவாங்க. ஒரு தடவை எந்திரிச்சுப் போயிட்டும் வரலாம்."

"எனக்கு வியாதி எதுவும் இல்லீங்க தம்பி."

"அப்படின்னா மிஷின்தான் மேடம்" என்றான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கோயம்புத்தூர் போனேன். கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணில் ஒன்றும் இல்லை, மாடிக்குப் போங்கள் என்றார். மாடியில் டாக்டர் செல்வநாயகி. மனநல டாக்டர். படியிலேயே திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

ஒரு கருவி. தாடையை ஒரு தாங்கியில் வைக்க வேண்டும். திரையின் நடுவில் ஒரு கூட்டல் குறி. அதையே பார்க்க வேண்டும். வட்டம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், சதுரம் வந்தால் சும்மா இருக்க வேண்டும். இதைவிடச் சுலபமான பரீட்சை உலகத்தில் இல்லை. கூட்டல் குறியையே பார்த்தேன். தாடைத் தாங்கியில் டிஷ்யூ பேப்பரைச் சரியாக மடிக்கவில்லை என்பதையும், கருவிக்குள் சின்ன விசிறி ஒன்று ஓடுவதையும் போகிற போக்கில் கவனித்தேன். சதுரத்துக்கும் ஒன்றிரண்டு தடவை அழுத்தினேன். சதுரத்துக்கும் ஒரு மரியாதை வேண்டாமா.

டாக்டர் ஒரு கோட்டைக் காட்டினார். சுவரில் குழந்தை கிறுக்கியது போலிருந்தது.

"இது உங்க கண்ணு. நடுவுலயே பாத்துட்டு இருந்ததா நினைச்சீங்களா?"

"நெனைக்கலீங்க. பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்."

"எல்லாருக்குமே கண்ணு சின்னச் சின்னதாத் துள்ளிட்டுத்தான் இருக்கும், நமக்கே தெரியாது. ஆனா ஏதோ ஒண்ணு வரப்போவுதுன்னு காத்திருக்கறப்போ பெரும்பாலும் அது அடங்கிப்போகும். உங்களுக்கு அந்த நேரத்துல அடங்கல. கவனம் நிக்காம அலையற சுபாவம் இருக்கறவங்ககிட்ட இதைக் கொஞ்சம் அதிகமாப் பாக்கறோம்."

"அதத்தான் லேப்டாப்பு புடிச்சுக்கிச்சுங்களா?"

"இல்ல, இந்தத் துள்ளல் லேப்டாப் கேமராவுக்குத் தெரியாது, அவ்வளவு சின்னது. அது பிடிச்சது நீங்க வெளிய பார்த்ததை. ஆனா ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி. வேணும்னு செய்யறது இல்ல."

"அப்போ என்ற கண்ணு திருட்டுக் கண்ணு இல்லீங்களா?"

"இல்லைங்க" என்றார். ஒரு மெஷின் சொன்னதற்கு இவ்வளவு நாள் எனக்கு உள்ளுக்குள் வலித்திருக்கிறது போல.

உடனே லெட்டர் கேட்டேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். கண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யமாட்டார்களாம். சின்ன வயதிலிருந்து நான் எப்படி என்று பேச வேண்டுமாம். கூட இருப்பவரையும் கேட்க வேண்டுமாம். வீட்டுக்காரரைக் கூட்டிவரச் சொன்னார். எனக்கு அப்படியெல்லாம் எதுவும் இல்லை, மறதி அவருக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குடையை அங்கேயே வைத்துவிட்டேன். பரவாயில்லை, மறுபடி போக வேண்டியதுதானே.

செப்டம்பர் 3, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதப்போகிறேன். நடுவில் எழுந்து போகமாட்டேன்.

டாக்டர் அறையில் அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார்.

"உங்க மனைவி ஒரு வேலையை எடுத்தா முடிப்பாங்களா?" என்றார் டாக்டர்.

"நெம்ப நல்லா முடிப்பாங்க."

"பொருளெல்லாம் எங்க வெச்சோம்னு மறப்பாங்களா?"

"சேச்சே."

"அடுப்புல எதையாவது வெச்சுட்டு..."

"இல்லீங்க டாக்டர். எங்கூட்ல அந்தப் பேச்சே இல்லீங்க" என்றார்.

எனக்கு முதலில் பெருமையாக இருந்தது. புருஷன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன். அப்புறம்தான் உறைத்தது. இந்த மனிதர் இப்படியே சொல்லிக்கொண்டு போனால் லெட்டர் கிடைக்காது. லெட்டர் இல்லாவிட்டால் மெஷின். மெஷின் என்றால் வேலை போச்சு.

"ஏனுங்க, பொய் சொல்லாதீங்க. தையல் கிளாசை நான் எங்க முடிச்சேன்?" என்றேன்.

"அந்த டீச்சர் சரியில்ல."

"ஹிந்தி?"

"அது நமக்கு எதுக்கு."

"போன வருசம் பாலை அடுப்புல வெச்சுப்போட்டு நான் வளைகாப்புக்குப் போகலீங்களா?"

"அது நான் வெச்ச பாலு" என்றார், கண்ணைக்கூடத் திருப்பாமல்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டு எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இத்தனை வருடம் நான் இல்லை என்று சாதித்ததை எல்லாம் இன்று நானே ஆமாம் ஆமாம் என்று மேஜையில் எடுத்துப் போட்டேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஒளித்துக்கொண்டிருந்தார். கடைசியில் என் குறைகள் தீர்ந்துபோய், என்னைப் பற்றி ஒரு நல்லதையும் சொல்லிவைக்கலாம் என்று தோன்றியது.

"டாக்டர், ஒண்ணு மட்டும் நெசமுங்க. மோட்டாரு விசயத்துல நான் திருந்திட்டேன். தண்ணி வீணாப் போறதே இல்ல. அது புது மாடலு, தானா நிக்கும்."

"அப்படியா? எங்க வீட்லயும் தண்ணி வழியுது. என்ன கம்பெனி மோட்டார்?" என்று அவரிடம் கேட்டார் டாக்டர். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

என்னைப் பற்றி எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லும் மனிதரால் மோட்டாரைப் பற்றி ஒரு பொய் சொல்ல முடியவில்லை. வேட்டி மடிப்பை நீவினார்.

"பழைய மோட்டாருதாங்க. தொட்டிக்குள்ள ஒரு மெதப்பு சுவிச்சு போட்டு வெச்சிருக்கறேன். பெயின்ட் மட்டும் புதுசா அடிச்சேன்."

"எதுக்குங்க பெயின்ட்டு?" என்றேன் நான்.

"புதுசுன்னு சொன்னேனல்ல."

டாக்டர் மெதுவாக, "வேற ஏதாவது இருக்குங்களா?" என்றார்.

அவர் மேலே சுற்றிய விசிறியைப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்தார். வீட்டு அலமாரியில் இருக்கும் கண்ணாடி இல்லை. அதே மாதிரி இன்னொன்று.

"இது கடைல இருக்குமுங்க. ஊட்ல ஒண்ணு இருக்குது. அவ பத்து மணி வாக்குல பருப்பு வெப்பா. அப்புறம் போன் வரும், இல்லாட்டி காய்காரன் வருவான். அதான் பத்தரைக்கு ஒரு நடை போயி... கண்ணாடிய மறந்துட்டேன்னு சொல்லிட்டு..."

அந்த ஒரு டம்ளர் தண்ணீரை எதற்காகச் சமையலறையில் போய்க் குடித்தார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு மறதி என்று நான் யார் யாரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் பிறந்த வீட்டில், கல்யாணப் பந்தியில், இந்த டாக்டரிடமேகூட. எல்லோரும் சிரிக்கும்போது அவரும் சேர்ந்து சிரிப்பார்.

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முதலில் வெளியே வந்தது.

"முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானுங்க?"

"சொன்னா உனக்குச் சங்கட்டமா இருக்குமல்ல" என்றார்.

டாக்டர் லெட்டர் எழுதிக் கொடுத்தார். எனக்கு மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னார். மாதம் ஒருமுறை வர வேண்டும். குடையை மறக்காமல் எடுத்து வந்தேன். அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 4, வியாழன்

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி ப்ளக்கில் ஒரு டைமர். கேட் சாவிக்கு மின்மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இரட்டைச் சாவி. காஸ் குழாயில் கையடக்கமாக ஏதோ ஒன்று. அது என்ன என்று கேட்டதற்கு, "அழகுக்கு" என்றார்.

பத்தரைக்கு அவர் வரவில்லை. கண்ணாடி சாக்கு இனிச் செல்லாது என்று வெட்கம் போலிருக்கிறது. பருப்பு தீய்ந்தது. அப்படியே பரிமாறினேன். அவரும் அப்படியே சாப்பிட்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பரீட்சைக்காரர்கள் லெட்டரை ஏற்றுக்கொண்டார்கள். பதினைந்தாம் தேதி. அறையில் வேறு யாரும் காலடி வைக்கக் கூடாது. வைத்தால் ரத்து. இதுதான் கடைசி.

நங்கை வீட்டுக்குப் போனேன். சோற்றுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில்தான். மூன்று பாத்திரம் சேர்ந்திருந்தது.

"நங்கையா, திங்கக்கெழம நீங்க எனக்கு ஒரு காரியஞ் செய்யோணும். கதவுக்கு வெளிய உக்காந்து யாரையும் உள்ள உடாம பாத்துக்கோணும்."

"நானுமா உள்ள வரக்கூடாது?"

"நீங்கதானுங்க முக்கியமா."

முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் சிரித்துவிட்டார். பூதத்தை என்ன செய்தாய் என்று கேட்டார். பரணில் போட்டிருக்கிறேன், முகம் சுவர்ப் பக்கம் பார்க்க.

செப்டம்பர் 15, திங்கள்

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

கேமராவுக்கு அந்தப் பக்கம் ஃபர்ஹானா என்று ஒரு பெண். "மேடம், நீங்க எங்க பாத்து யோசிச்சாலும் எனக்குப் பிரச்சனை இல்ல. ரூமை மட்டும் ஒரு தடவை சுத்திக் காட்டுங்க" என்றாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன்.

"அது என்ன மேடம், செவப்பா?"

"பொட்டுங்க."

"சுவத்துக்கா?"

"அது பெரிய கதைங்க" என்றேன்.

எழுதினேன். ஜன்னலைப் பார்த்தேன், விடை தெரிந்தது, போட்டேன். கூரையைப் பார்த்தேன், போட்டேன். பொட்டைப் பார்த்தபோது மட்டும் எதுவும் தோன்றவில்லை. யாரும் மஞ்சள் கட்டம் காட்டவில்லை. கடைசிக் கேள்வி வரைக்கும் வந்துவிட்டேன். கடைசிக்கும் விடை போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியத்தின் கடைசியைக் கண்ணால் பார்க்கிறேன். சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து, கதவைத் திறந்து, நங்கையைத் தாண்டி, நேராகக் கொல்லைக்குப் போனேன். முருங்கை மரத்தில் அந்த அணில் இருந்தது. இந்த முறை ஜோடியோடு.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நங்கையின் குரல் தெருவையே தூக்கியது.

"கோகிலா, ஏ கோகிலா, அந்தப் பொட்டிக்குள்ள ஒரு புள்ள மேடம் மேடம்னு கத்துது. நான் உள்ள போகமாட்டேன் சாமி. நீ வந்து என்னன்னு கேளு."

ஓடினேன். நங்கை வாசற்படிக்கு வெளியே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தார். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது, கட்டைவிரல்கூடப் படியைத் தாண்டவில்லை. உள்ளே திரையில் ஒரு பொத்தான் தனியாக மின்னிக்கொண்டிருந்தது. 'சமர்ப்பி' என்ற பொத்தான். அதை அழுத்தாமல்தான் நான் அணில் பார்க்கப் போயிருக்கிறேன். அதை அழுத்தாவிட்டால் நான் எழுதிய எதுவும் எங்கும் போய்ச் சேராது.

"மேடம், நீங்க போனதை உங்க இடைவேளையாப் போட்டுட்டேன். நேரம் முடியப்போவுது, அமுக்குங்க" என்றாள் ஃபர்ஹானா.

முக்கால். கடைசியில் இங்கேயும் முக்காலில் நிறுத்தப் பார்த்திருக்கிறேன். இந்த முறை மீதிக் காலையும் சேர்த்துப் பொத்தானை அழுத்தினேன்.

"உங்களுக்குப் பின்னாடி கதவுல நிக்கறது யாரு மேடம்?" என்று கேட்டாள் அவள், முடிந்த பிறகு.

"எங்க நங்கையா. அவங்க உள்ள வரலீங்க."

"பாத்தேன் மேடம். நானும் அவங்களைத்தான் பாத்துட்டு இருந்தேன், எங்க கால வெச்சுருவாங்களோன்னு" என்றாள்.

செப்டம்பர் 22, திங்கள்

தேறிவிட்டேன். அடுத்த வாரம் வேலையில் சேர வேண்டும்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "அடேங்கப்பா முக்கா" என்றான். இனிமேல் அப்படிக் கூப்பிட்டால் கேஸ் போடுவேன் என்றேன். நங்கை சர்க்கரைப் பொங்கல் வைத்து எடுத்து வந்தார். கூடவே பூதத்தைத் திரும்பத் தரச் சொன்னார். தன்னால்தான் தேறினேன் என்பது அவர் கட்சி. ஒருவகையில் உண்மைதான். பரணில் ஏறி எடுத்துக் கொடுத்தேன். அவர் வீட்டு வாசலில் மாட்டியிருக்கிறார், எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்க.

வேலைக்கு உட்காரும் மேஜையைத் துடைத்தேன். டிராயரில் காணாமல் போன துணியெல்லாம் இருந்தது. பத்தரைக்கு வாசலில் செருப்புச் சத்தம். இந்த மூன்று வாரமும் அவர் அந்த நேரத்துக்கு வரவில்லை. நான் டிராயரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்னங்க, கண்ணாடியா?"

"இல்ல" என்றார். "அடுப்பப் பாக்க வந்தேன்."

அடுப்பில் பால் இருந்தது. நான்தான் வைத்திருந்தேன், எப்போது என்று நினைவில்லை. அவர் என் முன்னாலேயே சமையலறைக்குப் போய் அடுப்பை நிறுத்தினார். பிறகு பாலை இரண்டு டம்ளரில் ஊற்றி எடுத்து வந்து, ஒன்றை என் மேஜையில் வைத்துவிட்டு, இன்னொன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார்.